கடுங்குளிரிலிருந்து இளங்குளிருக்கு: எதை உடுத்துவது?

வெண்பனி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆண்டில் நான்கைந்து மாதம் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழேயே நிற்கும் ஒரு பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு, வேலை நிமித்தமாக இந்த ஆண்டு குடும்பத்தோடு வெப்பமான ஒரு பகுதிக்குக் குடிபெயர்ந்திருக்கிறோம். இங்கே பனி பெய்வதில்லை. குளிர்காலத்து விடியற்காலையில் 7 அல்லது 8 டிகிரி வரை இறங்கும் வெப்பநிலை நண்பகலில் 20 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சில நாள்களில் மட்டும் மேகம் மூடி, தூறலும் காற்றுமாகப் பொழுது முழுவதும் 12, 13 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. முன்பு இருந்த இடத்தில் 10 டிகிரி என்றால் இளவேனில் வந்துவிட்டது என்று பொருள். ஆகவே இங்கே குளிர்கால உடை என்பது ஒரு கேள்வியாகவே இருக்காது என்று புறப்படும்போது பலரும் சொன்னார்கள்.

நடப்பதோ வேறாக இருக்கிறது. காலையில் கனமான கோட்டை அணிந்து புறப்பட்டால் சற்று நேர நடையிலேயே முதுகு வியர்த்துவிடுகிறது; கழற்றினால் அதை நாள் முழுவதும் கையில் சுமக்க வேண்டியிருக்கிறது. வெறும் சட்டையோடு புறப்பட்டாலோ நிழல் விழுந்த தெருவில் நிற்க முடியவில்லை. இதைவிட வியப்பானது, வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகமாகக் குளிர்கிறது. பழைய வீட்டில் வெளியே பனி குவிந்து கிடந்தாலும் உள்ளே வெப்பமூட்டி எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும். அரைக்கைச் சட்டையே போதும். இந்த வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. மாலையில் உள்ளே 16 டிகிரிதான் இருக்கிறது; மேசைமுன் அமர்ந்து வேலை செய்யும்போது பாதங்களும் விரல்களும் சில்லிட்டுப் போகின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் 15 டிகிரியில் குல்லாயும் கழுத்துத் துணியுமாக நடமாடுவதைப் பார்க்கும்போது, நாங்கள் அறியாத ஏதோ ஒன்றை அவர்கள் அறிந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஒரே நாளுக்குள் பதின்மூன்று, பதினான்கு டிகிரி ஏறி இறங்கும் இடத்தில் எப்படி உடுத்துவது, வீட்டுக்குள் எதை அணிவது, கொண்டுவந்திருக்கும் கனமான இறகுக் கோட்டுகளையும் பனிக்காலப் பூட்ஸ்களையும் கம்பளி ஸ்வெட்டர்களையும் என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும். எழுபதைக் கடந்த என் தாயாரும் நான்கு வயது மகளும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது.

கூரைநிழல் எழுதியது:

கட்டடங்களின் உள்வெப்பநிலை தொடர்பான பணியில் இருப்பவன் என்ற முறையில், உங்கள் கேள்வியில் நீங்கள் வியப்பு என்று குறிப்பிட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். வீட்டுக்குள் அதிகமாகக் குளிர்வதுதான் மிதமான குளிர்காலத்தின் மையச் செய்தி. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

கடுங்குளிர் நாடுகளில் மனிதர்கள் இரண்டே நிலைகளுக்காக உடுத்துகிறார்கள். வாசலுக்கு வெளியே உறைபனி. உள்ளே 21, 22 டிகிரி. கோட்டை மாட்டினால் ஒரு நிலை, கழற்றினால் மறுநிலை. கனமான ஒற்றைக் கோட்டு அங்கே பொருத்தமாக இருப்பதன் காரணம் இதுதான். வெப்பமூட்டி இல்லாத வீட்டில் இந்த எல்லைக்கோடு அழிந்துவிடுகிறது. அங்கே வெப்பமூட்டி செய்துவந்த வேலையை இங்கே உங்கள் உடைதான் செய்ய வேண்டும், அதுவும் நீங்கள் அசையாமல் அமர்ந்திருக்கும் மணிநேரங்களில்.

உடையின் வெப்பக்காப்பை அளக்க ‘குளோ’ என்றோர் அலகு உண்டு. கேக், பர்ட்டன், பேசெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1941இல் அதை முன்வைத்தார்கள். 21 டிகிரி அறையில் ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரைக் குளிரோ புழுக்கமோ இன்றி வைத்திருக்கும் உடைக்கு 1 குளோ என்று பெயர். பொறியாளர்கள் பயன்படுத்தும் அட்டவணைகளின்படி அரைக்கை பனியன் 0.08, முழுக்கைச் சட்டை 0.25, மெல்லிய முழுக்கை ஸ்வெட்டர் 0.25, தடித்த ஸ்வெட்டர் 0.36, கையில்லாத தடித்த ஸ்வெட்டர் 0.22, உடலோடு ஒட்டிய முழுக்கை தெர்மல் மேலுள்ளாடை 0.20, அதற்குரிய காலுள்ளாடை 0.15. அமர்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு 0.1 குளோவும் ஏறத்தாழ 0.6 டிகிரிக்கு ஈடு. இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், தடித்த ஸ்வெட்டர் ஒன்று உங்களுக்கு ஈட்டித் தருவது இரண்டு டிகிரியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். பழைய வீட்டின் 22 டிகிரிக்கும் இந்த வீட்டின் மாலைநேர 16 டிகிரிக்கும் இடையே ஆறு டிகிரி இருக்கிறது. சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ‘இன்னும் குளிர்கிறதே’ என்று பலர் வருந்துவது இதனால்தான். மேலும் கீழுமாகத் தெர்மல் உள்ளாடை, முழுக்கைச் சட்டை, தடித்த ஸ்வெட்டர், அதன்மேல் கையில்லாத ஒன்று என்று சேர்த்தால்தான் அந்த இடைவெளி நிரம்பும். இடுப்புக்குக் கீழே மெல்லிய கால்சட்டை ஒன்றை மட்டும் அணிந்துகொண்டு, மேலே அடுக்கிக்கொண்டே போவதால் அதிகப் பயன் கிடைப்பதில்லை.

இனி நடையைப் பாருங்கள். அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. இயல்பான வேகத்தில் நடக்கும்போது அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மேசைமுன் போதாமல் இருந்த அதே உடை தெருவில் மிகையாகிவிடுகிறது. 8 டிகிரியிலும் முதுகு வியர்ப்பதன் காரணம் இதுதான். ஆகவே, இருந்த இடத்தில் பழகியதற்கு நேர்மாறாக, வெளியே நடக்கும்போது குறைவாகவும் உள்ளே அமரும்போது அதிகமாகவும் அணியப் பழக வேண்டும். வானிலை அறிக்கையின் எண்ணைப் பார்த்து உடையைத் தேர்ந்தெடுப்பதைவிட, அடுத்த இரண்டு மணிநேரம் நான் நடக்கப்போகிறேனா, நிற்கப்போகிறேனா, அமரப்போகிறேனா என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பது சரியாக அமையும்.

வானிலை அறிக்கையில் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு, அது மேகமூட்டம். வானம் தெளிந்து காற்று உலர்ந்திருக்கும் இரவில் தரை தன் வெப்பத்தைத் தடையின்றி வானுக்கு இழந்துவிடுகிறது. அதனால் சூரியன் எழுந்த சற்று நேரம்வரை குளிர் கூடிக்கொண்டே போகும். பிறகு விறுவிறுவென்று வெப்பநிலை ஏறும். அப்படிப்பட்ட நாளில் நண்பகலுக்குள் கழற்றப்போகும் துணியைப் பையில் அடங்கும் அளவில் தேர்ந்தெடுங்கள். மேகம் மூடிய நாளில் காலைக்கும் பகலுக்கும் பெரிய வேறுபாடு இராது. காலையில் அணிந்ததே மாலைவரை உடலில் இருக்கும். ஆகவே அன்று கழற்றுவதைப் பற்றிக் கவலைப்படாமல் தடிப்பாகவே அணியலாம்.

வீட்டைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். செங்கல், கல், கான்கிரீட் சுவர்கள் இரவின் குளிரைப் பகலுக்குள்ளும் இழுத்துவருகின்றன. நண்பகலில் வெளியே 20 டிகிரி இருக்கும்போது உள்ளே 16 என்றால், அதுதான் சன்னல்களைத் திறக்க வேண்டிய நேரம். வெயில் சாயத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். மேலும், உடல் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றுக்கு மட்டுமல்லாமல், எதிரே இருக்கும் குளிர்ந்த பரப்புகளுக்கும் கதிர்வீச்சாக வெப்பத்தை இழக்கிறது. மேசையை வெளிச்சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் உட்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். பாதங்கள் சில்லிடுவதற்குத் தரையே காரணம். ஓடு பதித்த தரை காலின் வெப்பத்தை விரைவாக உறிஞ்சுகிறது. காலுறையின் கம்பளி மிதிபடும்போது நசுங்கிவிடுவதால் அது மட்டும் போதாது. தடித்த அடிப்பகுதியுள்ள வீட்டுச் செருப்பும், மேசைக்கு அடியில் ஒரு கனத்த விரிப்பும் இருந்தால் பாதங்களின் நிலை உடனே மாறும்.

நூலிழை எழுதியது:

கூரைநிழல் அவர்கள் சொன்ன கணக்கு சரியானது. ஆனால் அந்த எண்கள் யாவும் உலர்ந்த துணிக்கு உரியவை. மிதமான குளிர்காலத்தில் துணி உலர்ந்தே இருக்கும் என்ற உறுதி இல்லை. காலையில் வியர்த்து, பகலில் மறந்து, மாலையில் அதே ஈரத்தோடு குளிரில் நிற்பது இந்தப் பருவத்தின் வழக்கமான துன்பம். உறைபனியில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். நீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எனவே உடலைத் தொடும் முதல் துணி எதுவென்பதே என் பார்வையில் முதன்மையான கேள்வி.

சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடும், கம்பளி சுமார் 16 விழுக்காடும் நீரை இழைக்குள் வைத்திருக்கின்றன. பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட வைத்திருப்பதில்லை. கம்பளிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை ஆவியாக இழைக்குள் ஏற்றுக்கொண்ட பிறகும் அது தொடுகைக்கு நனைந்ததாகத் தோன்றாது. ஈரத்தை உள்வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடும். வியர்வையில் நனைந்த பருத்தி பனியனோ உடலோடு ஒட்டிக்கொண்டு, உலர நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குச் செல்பவர், உள்ளே மெல்லிய மெரினோ கம்பளியையோ பாலியஸ்டரையோ அணிவது நல்லது. கம்பளி என்றதும் உடல் அரிக்குமோ என்று அஞ்ச வேண்டாம். அரிப்பு இழையின் தடிமனைப் பொறுத்தது. 19 மைக்ரானுக்கு உட்பட்ட மெரினோ பெரும்பாலோரின் தோலை உறுத்துவதில்லை. நீங்கள் கொண்டுவந்திருக்கும் பழைய ஸ்வெட்டர்களின் தடித்த இழை உறுத்தக்கூடும் என்பதால் அவற்றைச் சட்டைக்கு மேல் அணியுங்கள்.

இதனால் பருத்தியை ஒதுக்கிவிட வேண்டும் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. வியர்க்காமல் வீட்டிலும் அலுவலகத்திலும் கழியும் நாளுக்குத் தடித்த பருத்திச் சட்டை அருமையான உடை. உறைபனி மலையேற்றத்துக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையை 15 டிகிரி மாலைக்குப் பொருத்துவது தேவையற்ற அச்சம்.

உங்கள் அலமாரியில் இல்லாதது எதுவாக இருக்கும் என்று யோசித்தால், உட்துணி தைக்காத, காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் என்றே தோன்றுகிறது. கடுங்குளிர்ப் பகுதியில் அதற்குத் தேவை குறைவு, ஏனெனில் அங்கே கோட்டே காற்றையும் தடுத்துவிடும். பின்னல் துணியான ஸ்வெட்டர் காற்று நின்றிருக்கும்வரை நன்றாகக் காக்கும். காற்று வீசத் தொடங்கியதும் அதன் கண்ணிகளில் தேங்கியிருந்த வெப்பக் காற்று வெளியேறிவிடும். அதன்மேல் இந்த மெல்லிய ஜாக்கெட்டை மாட்டினால் ஸ்வெட்டரின் முழுப் பயனும் கிடைக்கும். வெயில் வந்ததும் சுருட்டிப் பையில் போட்டுவிடலாம். அடுத்ததாகக் கையில்லாத மேலாடை. அது மார்பையும் முதுகையும் காத்து, கைகள் வழியே மிகுதி வெப்பம் வெளியேற இடம் தருவதால் நடைக்கும் இருக்கைக்கும் பொதுவாக ஒத்துவரும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், தலைவழியாக மாட்டுவதைவிட முன்புறம் ஜிப் அல்லது பொத்தான் வைத்ததைத் தேர்ந்தெடுங்கள். முழுவதும் கழற்றாமலே திறந்து மூடி வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதி, நாளுக்குப் பலமுறை நிலை மாறும் இடத்தில் பேருதவி. இன்னொன்று, பலர் கவனிக்காதது: ஒவ்வோர் அடுக்கும் தனித்து வெளியே தெரியும் தகுதியுள்ளதாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பது பார்வைக்கு ஒவ்வாத பழந்துணி என்றால், வியர்த்தாலும் மேலாடையைக் கழற்றத் தயங்குவீர்கள்.

தூறல் நாளைக் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். 12 டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்தால், உலர்ந்த பூச்சிய டிகிரியைவிட அதிகமாக உடலை வாட்டக்கூடும். பனி உடையின் மேல் விழுந்தால் தட்டிவிடலாம், மழை ஊடுருவிவிடும். இறகு நிரப்பிய கோட்டு நனைந்தால் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்து, வெப்பக்காப்பைப் பெருமளவு இழந்துவிடும். அந்த நாள்களுக்கு நீர் புகாத மேலாடையும், அதற்குள் ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி) அல்லது கம்பளியும் ஏற்றவை. தடித்த ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுவதும் உலராது. தூறலுக்கு விரைவில் உலரும் கால்சட்டையே நல்லது.

எளியவழி எழுதியது:

இருவரும் நன்றாக விளக்கியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது சுருக்கமானது. முதல் குளிர்காலம் முடியும்வரை பெரிதாக எதையும் வாங்க வேண்டாம், எதையும் கொடுத்துவிடவும் வேண்டாம். காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளைகளிலும் என்ன அணிந்திருந்தீர்கள், குளிர்ந்ததா, வியர்த்ததா என்று சில வாரங்கள் குறித்து வாருங்கள். உங்கள் உடலுக்கும் உங்கள் வீட்டுக்கும் உரிய அட்டவணை அதிலிருந்தே கிடைத்துவிடும். பிறருடைய அட்டவணை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. நடந்து புறப்படும் காலைகளில், வாசலைத் தாண்டும்போது சற்றே குளிர்வதாகத் தோன்றும் அளவுக்கு மட்டும் அணியுங்கள். தெருமுனை வரும்போது சரியாகிவிடும். நீண்ட நேரம் வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தால் மட்டும் இந்த வழி உதவாது.

வெண்பனி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நடப்பதற்கும் அமர்வதற்கும் வெவ்வேறாக உடுத்த வேண்டும் என்பது இதுவரை எவரும் எனக்குச் சொல்லாத செய்தி. மேசைக்கடியில் விரிப்பை இன்றே போட்டுவிட்டோம். நண்பகலில் சன்னல்களைத் திறந்ததில் மாலை அறை சற்று இதமாக இருப்பதையும் கவனித்தோம். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. என் தாயார் ‘எனக்குக் குளிரவில்லை’ என்றே எப்போதும் சொல்கிறார், ஆனால் அவருடைய கைகளைத் தொட்டால் சில்லென்று இருக்கின்றன. மகளோ எதைப் போட்டுவிட்டாலும் கழற்றி எறிகிறாள். இவர்கள் சொல்வதை நம்புவதா, நாங்களாக முடிவு செய்வதா? அடுத்து, பூட்ஸ்களையும் கோட்டுகளையும் பெட்டியில் வைத்து மூடிவிடலாமா?

நிழல்மரம் எழுதியது:

முதியோர் பராமரிப்பில் பணிபுரிகிறேன். உங்கள் தாயாரைப் பற்றிய கேள்விக்கு அழுத்தமாகவே விடை சொல்ல விரும்புகிறேன்: அவருடைய சொல்லை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அவர் மறைக்கிறார் என்பது இதன் பொருள் அன்று. வயது ஏற ஏறக் குளிரை உணரும் திறன் மங்குகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தைக் காக்கும் செயலும், நடுக்கத்தால் வெப்பத்தை உண்டாக்கும் செயலும் தளர்கின்றன. உடல் குளிர்ந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு உண்மையாகவே குளிராதது போல் இருக்கலாம். கைகள் சில்லென்று இருப்பது மட்டும் ஆபத்தின் அடையாளம் அன்று; கை எளிதில் குளிர்ந்துவிடும் உறுப்பு. உடைக்குள் கைவிட்டு வயிற்றையோ முதுகையோ தொட்டுப் பாருங்கள். அங்கேயும் குளிர்ந்திருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

அவர் அதிக நேரம் இருக்கும் அறையில் ஒரு வெப்பமானியை மாட்டிவையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுநலன் வழிகாட்டுதலில், குளிர் பருவத்தில் வீட்டினுள் 18 டிகிரியைப் பாதுகாப்பான அளவாகக் குறிப்பிட்டிருக்கிறது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயுற்றோருக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் கூறுகிறது. உங்கள் வீட்டின் 16 டிகிரி அவருக்குப் போதாது. உடை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அவருடைய அறைக்கு மட்டுமாவது ஒரு வெப்பமூட்டி வைப்பதே முறை. இந்த ஒன்றில் உடையால் மட்டுமே சமாளித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

அவருக்கான உடையில் எடையைக் கவனியுங்கள். கனமான கோட்டு வயதானவரின் தோளை அழுத்திக் களைப்படையச் செய்யும். அதனாலேயே அவர் அதை மறுக்கலாம். எடை குறைந்த ஃப்ளீஸ் அல்லது மெல்லிய கம்பளி, முன்புறம் திறப்பது, விரல்களால் எளிதில் பற்றக்கூடிய பெரிய பொத்தான்களோ ஜிப்போ உள்ளது என்று பாருங்கள். வீட்டுக்குள்ளும் மெல்லிய குல்லாய் அணியலாம். காலுறையின் மேற்பட்டை கணுக்காலில் தடம் பதிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கக் கூடாது. வெறும் காலுறையோடு வழவழப்பான தரையில் நடக்க விடாதீர்கள். குதிகாலை மூடிய, வழுக்காத அடிப்பகுதியுள்ள செருப்பு வேண்டும், ஏனெனில் இந்த வயதில் ஒரு வீழ்ச்சி குளிரைவிடப் பெரிய தீங்கு. வெப்பமூட்டிக்கு அருகே தொங்கும் நீண்ட சால்வைகளைத் தவிருங்கள். உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசரநிலை. வெளியே போகாத முதியவருக்கும் வீட்டுக்குள்ளேயே அது நேரலாம். பேச்சுக் குழறுதல், வழக்கத்துக்கு மாறான குழப்பம், தூக்கக் கலக்கம் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காமல் மருத்துவ உதவியை நாடுங்கள்.

மகளைப் பொறுத்தவரை நிலை வேறு. அவள் ஓடியாடும்போது கழற்றி எறிவது பெரும்பாலும் சரியான முடிவாகவே இருக்கும். அவளுடைய பிடரியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உடை மிகுதி, குளிர்ந்திருந்தால் குறைவு. விளையாடி முடித்து அமரும் நேரத்தில்தான் குழந்தைகள் விரைவாகக் குளிர்ந்துபோகிறார்கள். அப்போது நனைந்த உள்சட்டையை மாற்ற இன்னொன்றைப் பையில் வைத்திருங்கள். அவளே மாட்டிக் கழற்றக்கூடியதைக் கொடுங்கள். கழுத்தில் நாடா தொங்கும் உடை வேண்டாம். காரில் குழந்தை இருக்கையில் அமர்த்தும்போது பஞ்சோ இறகோ நிரப்பிய தடித்த ஜாக்கெட்டோடு வாரைப் பூட்டக் கூடாது. மோதலின்போது அது நசுங்கி, வார் தளர்ந்துவிடும். வாரை முதலில் இறுக்கமாகப் பூட்டிவிட்டு, ஜாக்கெட்டை அதன்மேல் போர்த்துங்கள்.

பழம்பெட்டி எழுதியது:

பெட்டியில் வைத்து மூடுவது குறித்து. எல்லாவற்றையும் ஒரே முறையில் மூடிவைத்துவிடாதீர்கள். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில், பயன்படுத்தாத குளிர்கால உடைமைகள் அணிந்து தேய்வதைவிட விரைவாகக் கெட்டுப்போகின்றன.

முதலில் பூட்ஸ். பனிக்காலப் பூட்ஸ்கள் பலவற்றின் அடிப்பகுதி பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் வேதிப்பிணைப்புகளை மெல்ல உடைத்துவிடும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். அணியாமல் பெட்டியிலேயே கிடந்த காலணி, சில ஆண்டுகள் கழித்து எடுத்து நடந்தால் அடிப்பகுதி துண்டு துண்டாக உதிர்வது இதனால்தான். நீர் புகாத ஜாக்கெட்டுகளின் உட்புறப் பூச்சும் பெரும்பாலும் அதே இனத்தைச் சேர்ந்தது, பிசுபிசுத்து உரிந்துவிடும். எனவே அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குளிர் நாட்டுக்குப் பயணம் இல்லையென்றால், பூட்ஸ்களை இப்போதே அங்கிருக்கும் உறவினருக்கோ நண்பருக்கோ கொடுத்துவிடுவது நல்லது. இதில் மட்டும் எளியவழி அவர்களின் ‘எதையும் கொடுக்க வேண்டாம்’ என்ற கருத்திலிருந்து வேறுபடுகிறேன்.

இறகுக் கோட்டுகள் நீண்ட நாள் தாங்கும். பயணத்துக்கென்று ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். துவைத்து, உள்ளிருக்கும் இறகு வரை முற்றிலும் உலர்த்தி, தளர்வான துணிப்பையில் தொங்கவிடுங்கள். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பிளாஸ்டிக் பைகள் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த இறகு பழையபடி உப்புவது கடினம்.

கம்பளிக்குப் பகை அந்துப்பூச்சியின் புழு. அது இழையிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்கிறது. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடங்களை விரும்பித் தேடுகிறது. ஆகவே ஒருமுறை அணிந்ததாக இருந்தாலும் துவைக்காமல் உள்ளே வைக்கக் கூடாது. ஐயம் இருந்தால், இறுக மூடிய பையில் போட்டு மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுத்தால் முட்டையும் புழுவும் மடிந்துவிடும். அலமாரியின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். தோல் கையுறைகளும் தோல் காலணிகளும் முதலில் பாதிக்கப்படும். மழைக்காலம் முடிந்து வெயில் காயும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.

கூரைநிழல் எழுதியது:

தடித்த கோட்டுகளுக்கும் பூட்ஸ்களுக்கும் பழம்பெட்டி அவர்கள் சொன்னது முற்றிலும் பொருந்தும். நடுத்தரக் கனமுள்ள ஸ்வெட்டர்களையும் தெர்மல் உள்ளாடைகளையும் மட்டும் எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இங்கே பிறந்தவர்கள் 15 டிகிரியில் குல்லாய் அணிவதைப் பற்றி நீங்கள் முதலில் எழுதியிருந்தீர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

குளிருக்குப் பழகுவது உடலின் உண்மையான மாற்றம். நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 17 பேர் தொடர்ந்து 10 நாள், நாளுக்கு 6 மணிநேரம் 15, 16 டிகிரி அறையில் இருந்தார்கள். முடிவில், வெப்பத்தை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பின் செயல்பாடு அவர்களிடம் கூடியிருந்தது, நடுக்கம் குறைந்திருந்தது, அதே குளிர் முன்பைவிடக் குறைவாகவே உறைத்தது. பழகியது நிலைத்து நிற்பதில்லை. குளிரைக் காணாத மாதங்களில் அது கரைந்துவிடும். நீங்கள் இந்தக் குளிர்காலத்துக்குள் வந்திருப்பது குளிர் நாட்டு உடலோடு. நீண்ட கோடை ஒன்றை இங்கே கடந்த பிறகு வரும் இரண்டாவது குளிர்காலத்தில் அதே 10 டிகிரி உங்களுக்கு இப்போதைவிடக் கூர்மையாக உறைக்கக்கூடும். இந்த ஆண்டு தேவையற்றதாகத் தோன்றும் ஸ்வெட்டரை அடுத்த ஆண்டு தேடுவீர்கள். ஆகவே எளியவழி அவர்கள் சொன்ன குறிப்பேட்டை இரண்டாவது குளிர்காலத்திலும் தொடருங்கள். இந்த ஸ்வெட்டர்களிலும் உள்ளாடைகளிலும் எதை வைத்திருப்பது, எதைக் கொடுப்பது என்ற முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்.